மைக்ரோக்ளியாவை அடக்கினால் அல்சைமர் அடங்காது

"அல்சைமர்னா மூளையில அழற்சி, அதைக் குறைச்சா போதும்" என்ற பேச்சு இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படிச் சுருக்கிவிட முடியாது.

மைக்ரோக்ளியா மூளையிலேயே வாழும் நோய் எதிர்ப்பு செல்கள். கருவின் மஞ்சட்கருப் பையில் தோன்றி, மூளைக்குள் குடியேறி, பிறகு அங்கேயே பெருகிக்கொள்பவை. அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவு உருவானால் அதைச் சுற்றி வேலி போட்டது போல நெருக்கமாக ஒட்டி நின்று, படிவை இறுக்கிக் கெட்டியாக்கும். எலிகளில் பார்த்தால், மைக்ரோக்ளியா ஒட்டாத பக்கத்தில் படிவு பிசிறு பிசிறாக நீளும். அங்கே உள்ள நரம்பிழைகள்தான் அதிகம் வீங்கிச் சிதையும்.

இப்படி ஒட்டி நிற்க, மைக்ரோக்ளியாவின் மேற்பரப்பில் உள்ள டிரெம்2 என்ற ஏற்பி (சமிக்ஞையை உணரும் புரதம்) தேவை. அதன் அமினோ அமிலச் சங்கிலியில் 47-வது இடத்தில் ஆர்ஜினைனுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்தால், அல்சைமர் வரும் வாய்ப்பு சுமார் 2 முதல் 4 மடங்கு கூடுகிறது (2013-ல் வெளியான ஆய்வுகள்). இங்கே கோளாறு செல் மிகையாக வேலை செய்வதில் இல்லை, வேலை குறைவதில் இருக்கிறது. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

மறுபக்கமும் உண்டு. சி1க்யூ, சி3 என்ற நோய் எதிர்ப்புப் புரதங்கள் ஒட்டிய சினாப்ஸ்களை (நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்புகளை) இதே செல்கள் விழுங்கிவிடும். எலிகளில் இது படிவு தெரிவதற்கு முன்பே தொடங்குகிறது. எனவே எப்போது தூண்டுவது, எப்போது தடுப்பது என்பதுதான் சிக்கல். டிரெம்2-ஐத் தூண்டும் ஏஎல்002 மருந்து 2024-ல் இரண்டாம் கட்டச் சோதனையில் பலன் தரவில்லை.

அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகளான நாப்ராக்சென், செலிகாக்சிப் ஆகியவையும் அல்சைமருக்குத் தடுப்பாகச் சோதிக்கப்பட்டன, பயன் இல்லை. மறதி வராமலிருக்க வேண்டுமென்று வலி மாத்திரையைத் தினமும் போடாதீர்கள். இரைப்பையில் ரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும்தான் மிஞ்சும்.