கயாக்கில் கேமரா: முன்கண்ணாடித் துளித் தொல்லைக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் இருந்தபடியே ராம்சி தீவின் பாறைச் சுவர்கள் முழுவதையும் துளி மங்கல் இல்லாமல் படம் எடுத்தாயிற்று. மேற்கு வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷயர் கரையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, பாறைக்கும் குறைவில்லை. படத்தைக் கெடுப்பதெல்லாம் ஹவுசிங்கின் (கேமராவை நனையாமல் காக்கும் உறை) முன்கண்ணாடியில், அதாவது முகப்பில், ஒட்டும் நீர்த்துளிதான். எல்லாரும் சொல்லும் முறைக்கு நேரெதிரானதுதான் இங்கே பலித்தது: கண்ணாடியை உலர்வாக வைக்கப் பாடுபடாமல், எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பது.

காருக்குப் பூசும் நீர்விலக்கியை ஹவுசிங் கண்ணாடியில் தடவினால் தண்ணீர் முத்து முத்தாகத் திரளும். காரில் காற்றின் வேகம் அதைத் தள்ளிவிடும். கயாக்கில் அந்த வேகம் இல்லை. துடுப்பிலிருந்து தெறிக்கும் சிறு துளிகள் உருளாமல் அப்படியே நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி லென்ஸ். முகப்பு அக்ரிலிக் பிளாஸ்டிக்காக இருந்தால் அதிலுள்ள கரைப்பான் நுண்விரிசல் விடவும் வாய்ப்புண்டு. அதனால் அக்ரிலிக் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

ஈர முறைக்கு வேண்டியது, தண்ணீர் முத்தாகாமல் மெல்லிய படலமாகப் பரவுவது. புறப்படும் முன் பாத்திரம் கழுவும் சோப்பால் முகப்பை நன்றாகக் கழுவி எண்ணெய்ப்பசையை எடுத்துவிட வேண்டும். 100 மில்லி நல்ல தண்ணீரில் இரண்டு சொட்டு குழந்தை ஷாம்பு கலந்து, அழுத்தினால் பீய்ச்சும் சிறு குப்பியில் லைஃப் ஜாக்கெட் பையில் வைத்துக்கொள்ளலாம். குப்பி இல்லையென்றால் எச்சில் போதும். முகப்புக்கு நியோப்ரீன் என்னும் மெத்தை ரப்பரில் மூடி. அதன் உட்புறமும் ஈரமாகவே இருக்கட்டும். பழைய வெட்சூட்டின் (நியோப்ரீன் நீச்சல் உடை) முழங்கால் துண்டை வெட்டித் தைத்தால் போதும், கடை மூடிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

எடுக்கும்போது மூடியைக் கழற்றி, ஹவுசிங்கைக் கடலில் ஒரு முக்கு முக்கி, முகப்பைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துத் தூக்க வேண்டும். தண்ணீர் வழிந்ததும் சில நொடிகள் படலம் தெளிவாக நிற்கும், அதற்குள் தொடர் ஷாட். படலம் கிழிந்தால் மறுபடி முக்கு. துணியால் துடைக்கவே கூடாது: காய்ந்த உப்பு முகப்பைக் கீறலாம், கூடவே பசையும் ஏறும். உண்மையான எதிரி சன்ஸ்கிரீன். உள்ளங்கையில் தேய்த்துப் பூசிய விரல் ஒரு தடவை பட்டால் அந்த இடத்தில் படலம் நிற்காது. முகத்துக்குக் குச்சி வடிவில் வருவதை வாங்குங்கள்.

அப்பர்ச்சரையும் (லென்ஸ் துளையின் அளவு) கவனிக்க வேண்டும். பாறை முழுதும் கூர்மையாக விழட்டும் என்று துளையைச் சுருக்கி எஃப்/11-க்குப் போனால், தப்பி நிற்கும் துளியும் உருவம் காட்டும். அகல லென்ஸில் எஃப்/4 அல்லது 5.6 போதும். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல், ஐஎஸ்ஓ ஆட்டோவில்.

உட்புற மூட்டம் வேறு கதை. 20 டிகிரி அறையில் 60 சதவீத ஈரப்பதத்தோடு ஹவுசிங்கை மூடினால் உள்ளே அடைபட்ட காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 12 டிகிரி. மே மாதக் கடல் அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். முகப்பின் உள்பக்கம் வியர்த்துவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பையைப் போட்டதும் பலன் கிடைக்காது, குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே போட்டு மூடுங்கள். ஆரஞ்சு நிற மணிகளாக மொத்தமாக வாங்கி, நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரியில் காயவைத்தால் திரும்பத் திரும்ப உதவும். வீடியோ எடுத்தால் கேமரா சூடாகி, உள்ளிருக்கும் ஈரமெல்லாம் குளிர்ந்த கண்ணாடியைத் தேடி வரும். அதனால் முதலில் படங்கள், வீடியோ கடைசியில்.

இரண்டு கையும் கேமராவில் இருந்தால் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிச் சமாளிக்க முடியாது. செங்குத்துப் பாறையில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு கலந்து ஒழுங்கில்லாமல் எகிறும். அங்கே இரு கைப் படம் வேண்டாம். பாறையிலிருந்து விலகினாலும் இந்தக் கலக்கம் சீக்கிரம் அடங்காது, வெகுதூரம் வரை தொடரலாம். தீவுக்கும் கரைக்கும் இடையிலுள்ள நீரிணையான ராம்சி சவுண்டின் பிட்சஸ் பாறை வரிசையை அதன் பின்னாலுள்ள எதிர்ச்சுழலில் நின்று எடுப்பதுதான் சரி. மில்ஃபோர்டு ஹேவன் துறைமுகத்தின் ஓத அட்டவணையை மட்டும் நம்பி அங்கே போகாதீர்கள். நீர்மட்டம் உச்சத்தில் இருக்கும்போதும் சவுண்டில் ஓட்டம் வடக்கே வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். திரும்புவது சுமார் மூன்று மணி நேரம் கழித்துத்தான். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை சீல்கள் குட்டி போடும் காலம், எவ்வளவு ஆசை இருந்தாலும் குகைகளுக்குள்ளும் குட்டிகள் கிடக்கும் கரைகளுக்கும் போகக் கூடாது.

அடுத்து குவிமாட முகப்பு வாங்கி, பாதி நீருக்குள் பாதி வெளியே தெரியும் படங்களை அபெர்ரெய்டியின் நீலக் குளத்தில் எடுக்க எண்ணம். பழைய ஸ்லேட் குவாரிக்குள் கடல் புகுந்த இடம் என்பதால் உள்ளே அலை குறைவு, பயிற்சிக்கு நல்லது. குவிமாடம் பெரும்பாலும் அக்ரிலிக்கில்தான் கட்டுப்படியான விலைக்குக் கிடைக்கிறது, ஆகவே ஈர முறையேதான்.

அதற்கு முன் ஹவுசிங் கயிற்றைச் சரிசெய்ய வேண்டும். இப்போதிருக்கும் நீளத்துக்குத் துடுப்பில் சுற்றிக்கொள்கிறது. 60 சென்டிமீட்டராகக் குறைத்து, ஒரே இழுப்பில் கழலும் கொக்கியோடு லைஃப் ஜாக்கெட்டின் தோள் பட்டையில் மாட்டிப் பார்க்கிறேன். சுருள்கம்பி வைத்த இழுவைக் கயிறுகள் வேண்டாம், உப்பில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து இறுகிவிடுகிறது.