‘சர்கார்’ படமும் 49பி விதியும்

தேர்தல் நடைமுறையைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது, 2018 தீபாவளிக்கு வெளிவந்த ‘சர்கார்’ படத்தில், தன் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டதை நாயகன் அறியும் காட்சியைத்தான் முதலில் திரையிடுகிறேன். பாடநூலைத் திறந்ததும் கொட்டாவி விடும் பிள்ளைகள்கூட, “நமக்கு இப்படி நடந்தால் என்ன செய்வது?” என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். விதிநூலுக்குள் நுழைய அந்தக் கேள்வி போதும்.

1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49பி விதியின்படி, தன் அடையாளம் குறித்த கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதிலளிக்கும் அத்தகைய வாக்காளர், இயந்திரத்தில் அல்லாமல் தனி வாக்குச்சீட்டில் வாக்களிக்கலாம். ஆனால் உறையிலிட்டு வைக்கப்படும் அந்தச் சீட்டு வழக்கமான எண்ணிக்கையில் சேராது, தேர்தல் வழக்கில் நீதிமன்றம் ஆணையிட்டால்தான் வெளியே வரும். படம் விரைந்து கடந்துவிடும் இடம் இது (இடைவேளைக்குள் கதை சூடுபிடித்தாக வேண்டுமே!), வகுப்பில் நாங்கள் அதிக நேரம் நிற்பதும் இங்கேதான். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி. பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றபின், இத்தகைய சீட்டுகள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2011 வரை நீண்டது என்பதைச் சொன்னால், திரைக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ள தொலைவு மாணவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

சண்டைக் காட்சிகளை மட்டும் நான் ஓடவிடுவதில்லை; அதற்கு எதிர்ப்பு பலமாகவே இருக்கிறது.