ஒன்பது மணி நேரக் கணக்கு

உரக் கம்பெனிக்கு ரேக், அதாவது முழு சரக்கு ரயில், இறக்கிக் கொடுக்கும் வேலையில், டெல்டா பக்கத்து கூட்ஸ் ஷெட்களிலேயே (ரயில் சரக்கை ஏற்றி இறக்கும் இடம்) என் காலம் ஓடிவிட்டது. சரக்கை லாரியிலிருந்து ரயிலுக்கு இழுப்பது எப்படி என்று பேச்சு வந்தால் எல்லோரும் கட்டணத்தில்தான் போய் நிற்பார்கள். என்னைக் கேட்டால், ஷெட்டின் தரையைப் பற்றி முதலில் பேசலாம் என்பேன்.

ஒரு ரேக்கில் 42 மூடு வேகன், சுமார் 2,600 டன் யூரியா. 45 கிலோ மூட்டையாகக் கிட்டத்தட்ட 58,000. இறக்குவதற்கு ரயில்வே தரும் இலவச நேரம் 9 மணி நேரம். நிமிடத்துக்கு நூறு மூட்டைக்கு மேல், எல்லாமே ஆள் சுமந்து! நேரம் தாண்டினால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். நான் வேலை பார்த்தபோது வேகனுக்கு மணிக்கு 150 ரூபாய். ஒரே ஒரு வேகன் பாக்கி என்றாலும் மொத்த ரேக்குக்கும் கட்ட வேண்டும். மணிக்கு 6,300 ரூபாய்.

நல்ல ஷெட்டில் இது ஆகாத காரியம் இல்லை. கான்கிரீட் தரை என்றால் லாரி பின்பக்கமாக வந்து வேகன் கதவை ஒட்டியே நிற்கும். மண் தரையில் மழை பெய்த மறுநாள் இருபதடி தள்ளித்தான் நிறுத்த முடியும். அந்த இருபதடியை ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருவர் சேற்றில் நடக்க வேண்டும். எங்கள் மேஸ்திரி காலையில் வந்ததும் ஆட்களை எண்ணமாட்டார். தரையைக் காலால் ஒரு மிதி மிதித்துவிட்டு, "இன்னைக்கு டெமரேஜ்தான் சார்" என்பார். அநேகமாக அப்படியே நடக்கும்.

பல ஷெட்களில் பிளாட்பாரம் பாதி ரேக்குக்குத்தான் நீளம். ரேக்கை இரண்டாக வெட்டி, எஞ்சினால் முன்னும் பின்னும் இழுத்து ஷண்டிங் செய்தாக வேண்டும். அதுவரை ரயில்வே கேட் மூடிக்கிடந்தால் ஊருக்கே தொல்லை. நீடாமங்கலம் கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்புறம் விளக்கு, குடிநீர், கழிப்பறை. இவற்றைத் தொழிலாளர் நலன் என்று தனிக்கணக்கில் எழுதுகிறார்கள். இரவு ரேக்குக்கு ஆள் வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது.

சரக்குப் போக்குவரத்தில் ரயிலின் பங்கை 27 சதவீதத்திலிருந்து 2030-க்குள் 45 ஆக்குவது தேசிய ரயில் திட்டத்தின் இலக்கு. 2021-இல், தனியாரும் சரக்கு முனையம் கட்ட வழிசெய்யும் கதி சக்தி சரக்கு முனையக் கொள்கையும் வந்தது. நல்லதுதான். ஆனால் சொந்தமாக சைடிங் (தனி ரயில் தடம்) போட வசதியில்லாத வியாபாரிக்கு, பெரும்பாலும் பொது ஷெட்தான் வழி.

சிமென்ட் வியாபாரி ஒருவரிடம் ரயில் வாடகைக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். வாடகையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "மழை வந்தா மூட்டையை எங்க சார் அடுக்குறது? பெரிய லாரி உள்ளே திரும்புமா?" என்றார். சில வருடம் கழித்து அந்த ஷெட்டில் கான்கிரீட் போட்டு, பாதையையும் அகலப்படுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் முதல் ரேக் எடுத்தார், அதுவும் கோடையில். கூரையை முழு நீளத்துக்கும் போட்டால் ஐப்பசியிலும் எடுப்பாராம்.