எலக்ட்ரானிக்ஸும் ஆங்கிலமும்: இரண்டு பட்டங்களைச் சேர்த்துப் படித்து முடித்த அனுபவம்

எலக்ட்ரானிக்ஸ் பொறியியலையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் படிக்கிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது "எதற்கு?" அடுத்து, "நேரம் எப்படிக் கிடைக்கிறது?" முதல் கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் கிடையாது. இரண்டும் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. படித்து முடித்துவிட்டேன், இரண்டு பட்டமும் கையில் இருக்கிறது. இதே சேர்க்கையை யோசிப்பவர்கள் அவ்வப்போது விசாரிக்கிறார்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

சேரும்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது, கடைசியில் கைக்கு வருவது எத்தனை சான்றிதழ் என்பது. இரட்டைப் பட்டம் என்றால் இரண்டு. டபுள் மேஜர் என்றால் சான்றிதழ் ஒன்று, அதில் துறைகள் இரண்டு. மைனர் என்றால் சில தாள்கள் மட்டும். ஆஸ்திரேலியாவில் பொறியியலும் கலையும் சேர்ந்த இரட்டைப் பட்டம் சாதாரணமான விஷயம். தனியாக நான்கு ஆண்டு எடுக்கும் பொறியியல், சேர்த்துப் படித்தால் ஐந்து ஆண்டோ அதற்குச் சற்று மேலோ ஆகும். அமெரிக்காவில் கலைக் கல்லூரியில் மூன்று ஆண்டு, பொறியியல் கல்லூரியில் இரண்டு ஆண்டு என்று பிரித்துப் படித்து இரண்டு பட்டம் வாங்கும் ஏற்பாடும் உண்டு. இந்தியாவில் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் இரண்டும் வகுப்புக்குப் போய்ப் படிப்பதாக இருந்தால் நேரங்கள் மோதக் கூடாது. லேப் வைத்திருக்கும் எந்தப் பொறியியல் கால அட்டவணைக்கும் இது லேசான நிபந்தனை அல்ல.

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். பொறியியல் பட்டத்துக்கு அங்கீகாரம் முக்கியம். 1989இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் கையெழுத்திட்ட வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு உறுப்பு நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் சமமாக ஏற்பது அதன் அடிப்படை. இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது. அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்குக் கிடைப்பது அல்ல, குறிப்பிட்ட படிப்புக்குக் கிடைப்பது. அதனால் "இங்கே பொறியியலுக்கு அங்கீகாரம் உண்டு" என்ற பொதுப் பதிலோடு திருப்திப்படாதீர்கள். நீங்கள் சேரும் சேர்ப்புப் படிப்பின் பொறியியல் பாதிக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். நான் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சரி, திட்டமிடலுக்கு வருவோம். பொறியியல் தாள்கள் சங்கிலி மாதிரி. கால்குலஸ் முடித்தால்தான் வகைக்கெழுச் சமன்பாடு, அது முடிந்தால்தான் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், அதற்கப்புறம்தான் டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங். பல தாள்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும், நடுவில் ஒன்று விட்டால் ஒரு ஆண்டே தள்ளிப்போகும். ஆங்கிலத்தில் இப்படி இல்லை. அறிமுகத் தாள்களை முடித்துவிட்டால் நாடகத்துக்கு முன் நாவலைப் படிக்கலாம், நாவலுக்கு முன் மொழியியலைப் படிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அதனால் ஐந்து ஆண்டுக்கும் பொறியியல் சங்கிலியை முதலில் ஒரு காகிதத்தில் எழுதிவிட்டு, காலியாகக் கிடக்கும் இடங்களில் ஆங்கிலத்தை நிரப்பினேன். எனக்குத் தெரிந்து மாற்றி யோசித்த யாரும் நிம்மதியாக முடித்ததில்லை. பொறியியலில் கட்டாயமாக எடுக்க வேண்டிய கலைப் பாட (ஹியூமானிட்டீஸ்) விருப்பத் தாள்களுக்கு ஆங்கிலத் தாள்களையே கணக்கில் காட்ட முடியுமா என்றும் கேளுங்கள். இப்படி இரண்டு பக்கமும் எண்ணப்படும் கிரெடிட்டுகள்தான் இந்தப் படிப்பைச் சாத்தியமாக்குகின்றன.

உண்மையான கஷ்டம் வேலைப்பளு எவ்வளவு என்பதில் இல்லை, அது எப்போது வந்து விழுகிறது என்பதில் இருக்கிறது. பொறியியல் வாரா வாரம் வசூல் செய்துவிடும்: கணக்குத் தாள், லேப், லேப் ரிப்போர்ட். ஆங்கிலம் பருவம் முழுக்கச் சும்மா இருப்பது போலத் தெரியும். வாரத்துக்குச் சில மணி நேர வகுப்பு, ஒரு நாவல், கொஞ்சம் விமர்சனம். பருவக் கடைசியில் மூன்று நீண்ட கட்டுரைகளும் பொறியியல் தேர்வுகளும் ஒரே சமயத்தில் கதவைத் தட்டும். ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஒரு முழு ஆண்டு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. அதன்படி 10 கிரெடிட் ஆங்கிலத் தாள் ஒன்றுக்குக் குறைந்தது 250 மணி நேரம். வகுப்பில் உட்காரும் நேரம் அதில் சிறு பகுதிதான். மிச்சமெல்லாம் தனியாக உட்கார்ந்து வாசிப்பது, அது எந்தக் கால அட்டவணையிலும் இருக்காது. நான் வாசிப்பையும் லேப் போல அட்டவணையில் எழுதினேன்: இந்தக் கிழமை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, நூலகம். கட்டுரைத் தலைப்புகள் வெளியான வாரமே ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி வாதம் எழுதி வைத்துக்கொள்வேன். சுமாரான பத்தியாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்கப்புறம் வாசிப்பதெல்லாம் அந்தப் பத்திக்கு ஆதரவா எதிர்ப்பா என்று தானாகவே பிரிந்துகொள்ளும்.

எழுத்து நடையில் ஆளையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். லேப் ரிப்போர்ட்டில் முறை, முடிவு, அலசல் என்று படி வைத்து ஏறிக் கடைசியில் கருத்துச் சொல்கிறோம். ஆங்கிலக் கட்டுரையில் கருத்து முதல் பத்தியிலேயே நிற்க வேண்டும், அதுவும் ஒருவர் மறுத்துப் பேசக்கூடிய கருத்தாக. "இந்தக் கவிதையில் இயற்கை முக்கிய இடம் பெறுகிறது" என்பதை மறுக்க யாரும் வர மாட்டார்கள், அதனாலேயே அது வாதம் ஆகாது. மதிப்பெண்ணும் அப்படித்தான். பொறியியல் தாளில் எல்லாக் கணக்கும் சரியாக வந்தால் 95 வரும். பிரிட்டிஷ் முறையில் திருத்தப்படும் இலக்கியக் கட்டுரையில் 70 எடுத்தாலே முதல் வகுப்பு, 80ஐத் தாண்டுவது அபூர்வம். முதல் முறை 64 வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தால் தூக்கம் கெடாது.

இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கிடக்கும் என்றுதான் சேரும்போது நினைப்போம். ஆங்கிலத் துறையில் பேச்சொலிகளை ஆராயும் ஒலியியல் தாள் அந்த எண்ணத்தை உடைத்துவிட்டது. குரல்வளை முதல் உதடு வரை உள்ள பாதையை ஒரு பக்கம் மூடிய குழாயாக வைத்துக்கொள்வார்கள். ஆண் ஒருவருக்கு அதன் நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். ஒலியின் வேகத்தை நான்கு மடங்கு நீளத்தால் வகுத்தால் 500 ஹெர்ட்ஸ் வருகிறது, அடுத்த ஒத்ததிர்வுகள் 1500, 2500. நாக்கை எந்தப் பக்கமும் தள்ளாமல் சும்மா விட்டு எழுப்பும் உயிரொலியின் ஃபார்மன்ட்டுகள், அதாவது குரல்பாதை வலுப்படுத்தும் அதிர்வெண்கள், சுமாராக இவையேதான். பள்ளி இயற்பியலில் இசைக்கவையோடு பார்த்த அதே சூத்திரம்! நாக்கு உயர்ந்தால் முதல் ஃபார்மன்ட் குறையும், முன்னே வந்தால் இரண்டாவது ஏறும். ஆங்கிலத்தின் "ஈ" ஒலிக்கு முதலாவது 300 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலும் இரண்டாவது 2000க்கு மேலும் இருக்கும். "ஆ" என்றால் இரண்டும் 700, 1100 என்று நெருங்கி வந்துவிடும். ஒலியை அதில் கலந்திருக்கும் அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் மாற்றத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தாலும், அது எதற்கு என்று எனக்கு உறைத்தது இங்கேதான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ப்ராட் என்ற இலவச மென்பொருளில் சொந்தக் குரலைப் பதிந்து பார்த்தால் ஒரு சாயங்காலம் போவதே தெரியாது.

இறுதியாண்டு ப்ராஜெக்டும் அங்கிருந்தே வந்தது. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், ஒலியை நொடிக்கு 8000 முறை அளந்து மாதிரி எடுக்கும். "ஸ்" ஒலியின் ஆற்றல் பெரும்பாலும் 4000க்கு மேல் இருக்கிறது. ஆகவே தொலைபேசியில் "ஸ்"ஸும் "ஃப்"பும் குழம்பும், பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது மறுமுனையில் தவறாக எழுதிக்கொள்வார்கள். எந்தெந்த மெய்யொலிகள் எந்த அளவு குழம்புகின்றன என்று சோதிப்பதுதான் வேலை. பொறியியல் வழிகாட்டிக்கு வேண்டியது பிழை விகிதமும், குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் விடும் ஃபில்டரின் வடிவமைப்பும். ஆங்கிலத் துறை வழிகாட்டிக்கு வேண்டியது வேறு: தனிச் சொல்லாகக் கேட்டால் குழம்புகிற அதே ஒலி, வாக்கியத்துக்குள் வந்தால் ஏன் குழம்புவதில்லை? இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. இதைப் பொறியியல் நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

இங்கே நிர்வாக விஷயம் ஒன்று உண்டு, அலட்சியமாக விட்டால் பட்டமே சிக்கும். ஒரே வேலையை இரண்டு துறைகளிலும் சமர்ப்பிப்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் சுயத் திருட்டாகக் கருதப்படும், எழுதியது நீங்களே என்றாலும். தொடங்குவதற்கு முன்பே இரண்டு துறைத் தலைவர்களிடமும் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். சோதனைத் தரவு பொது, அலசலும் அறிக்கையும் தனித்தனி என்று எங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு அறிக்கையிலும் மற்றதைக் குறிப்பிட்டுவிட்டேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஆங்கிலத் துறைத் தேர்வாளர் ஒருவர் ஃபில்டரைப் பற்றி விடாமல் கேட்டது எதிர்பாராத திருப்பம்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எதற்குப் போகிறோமோ அந்தப் பட்டத்தை மேலே போட்டேன். பேச்சுத் தொழில்நுட்பம், தொழில்நுட்ப எழுத்து இரண்டிலும் நேர்காணலுக்கு அழைத்தார்கள். சர்க்யூட் வடிவமைப்பு வேலைகளில் ஆங்கிலப் பட்டத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மேற்படிப்புக்குப் போகிறவர்கள் இரண்டு மதிப்பெண் பட்டியல்களையும் சேர்த்தே அனுப்புங்கள். ஒன்றை மட்டும் அனுப்பினால் நான்காண்டுப் படிப்பை ஐந்தாண்டில் முடித்தது போலத் தெரியும், அரியர் இருந்ததா என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.