உள்ளூர் நாளிதழ் எங்கே ஒழுகுகிறது

வாசகர் குறைந்ததால் உள்ளூர் நாளிதழ்கள் சரிகின்றன என்பது பாதி உண்மைதான். முதலில் போனது வரி விளம்பரம். வாடகை வீடு, வேலை காலி, பழைய வண்டி என்று நிரம்பிய அந்தப் பக்கங்களுக்கு நிருபரே தேவையில்லை. ஆனால் நகராட்சிக் கூட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஆள் அனுப்பியது அந்தப் பணம். 1995-இல் மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கிய அமெரிக்க இணையதளம் கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்றவை அந்த விளம்பரங்களைப் பெரும்பாலும் இலவசமாக்கிவிட்டன.

அடுத்த ஓட்டை அச்சகத்தில். ஒரு வண்ணப் பக்கத்துக்கு நான்கு அலுமினியத் தகடுகள் வேண்டும்: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஐயாயிரம் பிரதி அடித்தாலும் ஐம்பதாயிரம் அடித்தாலும் தகடு அதே நான்குதான். விற்பனை விழ விழ ஒரு பிரதியின் அடக்க விலை ஏறும். செலவைக் குறைக்கச் சொந்த அச்சகத்தை மூடி, தொலைவில் பொது அச்சகத்தில் அடித்தால் பக்கம் முடிக்கும் நேரம் மாலைக்கு நகர்கிறது. இரவு நடந்த தீ விபத்து மறுநாள் இதழில் வராது. காசு கொடுத்து வாங்குபவருக்கு இது உடனே தெரிந்துவிடும்!

மாற்று வழிகள் உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகர நாளிதழ் லா பிரெஸ் 2017 இறுதியில் அச்சை முழுதாக நிறுத்தி, 2018-இல் லாப நோக்கற்ற அறக்கட்டளைக்கு மாறியது. அமெரிக்க நாளிதழ் சால்ட் லேக் டிரிபியூன் 2019-இல் லாப நோக்கற்ற அமைப்பானது. இணையச் சந்தாவில் பலர் கவனிக்காத கசிவு ஒன்று: கார்டு காலாவதியாகி, புதுப்பிப்புத் தொகை எடுக்க முடியாமல் போகும் சந்தாக்கள். முன்கூட்டியே ஒரு நினைவூட்டல், தொகை எடுக்க முடியாவிட்டால் சில நாள் இடைவெளியில் மறுமுயற்சி. புதுச் சந்தாதாரரைத் தேடுவதைவிட இது மலிவு.