கேசட்டுகளைக் காப்பகத்தில் சேர்த்த கதை

கிழவிமார் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, கதை, விடுகதை எல்லாம் பதிந்த கேசட்டுகள் என்னிடம் பெட்டி நிறையக் கிடந்தன. அவற்றை ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க முடிவு செய்ததும், இவற்றை டிஜிட்டலாக்குவதற்குத்தான் நாள் பிடிக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அது பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் சிக்கலான வேலை இல்லை. தொண்ணூறு நிமிட நாடா ஓடி முடியத் தொண்ணூறு நிமிடம் ஆகும், குறுக்குவழி கிடையாது. தவறிப்போய் மேலேயே பதிந்துவிடாதபடி கேசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை முதலில் உடைத்தோம். ஒவ்வொரு நாடாவுக்கும் ஒலிமுனையின், அதாவது கருவியில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பகுதியின், சாய்வைத் திருத்தினோம். இதை விட்டால் குரல் மங்கிப்போகும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர் தரத்தில் சேமித்த மூலக்கோப்பு மணிக்கு ஏறக்குறைய 2 ஜிபி வந்தது. எம்பி3 கேட்பதற்கு மட்டும்.

உண்மையில் இழுத்தடித்தது ஒப்புதல்தான். "பதிஞ்சுக்கோ" என்றவர்கள், இணையத்தில் போடு என்று சொல்லவில்லையே! அன்றைக்கு அவர்கள் நினைத்தது என் காதும் பெட்டியும் மட்டும். பாடியவர்களில் பலர் இப்போது இல்லை. அதனால் பிள்ளைகளைத் தேடிப்போய், கேட்கவைத்து, கையெழுத்து வாங்கினோம். காப்பகத்தின் படிவத்தில் மூன்று வாய்ப்புகள் இருந்தன: இணையத்தில் எல்லாருக்கும், படிப்பறையில் மட்டும், குறிப்பிட்ட காலம்வரை மூடி வைப்பது. விடுகதைக்கு முதலாவதை யோசிக்காமல் டிக் செய்தார்கள். ஒப்பாரியில் வீட்டுச் சண்டை, கடன், மருமகள் பெயர் எல்லாம் வந்துவிடும். அங்கே பேனா நின்றது. பாதுகாப்பதும் பகிர்வதும் ஒன்றல்ல என்பது எனக்கு அந்தப் படிவத்தின் முன்னால்தான் உறைத்தது. ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவான முகுர்டு மென்பொருளில், எதை யார் பார்க்கலாம் என்பதை அந்தந்தச் சமூகமே தீர்மானிக்கலாம். இங்கும் அப்படி ஒன்று இருந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

அடுத்தது விவரக்குறிப்பு. நூலகர் கதைகளுக்கு ஏடியு எண் போட்டார். அது, நாட்டுப்புறக் கதைகளை வகை பிரித்து எண்ணிடும் ஆர்னே, தாம்ப்சன் வகைப்பாட்டை ஊதர் 2004இல் திருத்தி வெளியிட்ட பட்டியல். சிண்ட்ரெல்லா வகைக்கு 510ஏ. வேறு நாட்டுக் காப்பகத்திலும் இதே கதையைத் தேட உதவும், மறுக்கவில்லை. ஆனால் யாரிடம் கற்றார், எந்த வேலையின் நடுவே சொன்னார், கூட யார் இருந்தார்கள் என்பவற்றை எண் சொல்லாது. அவற்றுக்குத் தனிப் பத்தி வேண்டும் என்று அடம்பிடித்தேன், கிடைத்தது.

பிரதிகளைக் குடும்பங்களுக்கு அனுப்பிய பிறகுதான் திருத்தங்கள் வந்தன. ஒரு தாலாட்டைத் தாயிடம் கற்றதாகப் பதிவு சொன்னது. அத்தையிடம் என்று பேத்தி எழுதினார். பழைய குறிப்பை அழிக்காமல், திருத்தியவர், தேதியோடு புதியதைச் சேர்த்தார்கள். மூடிய ஒப்பாரிகளுக்குக் கெடு முடியும்போது குடும்பத்தாரை மறுபடி கேட்பதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்குத் தொடர்பு முகவரிகளை அவ்வப்போது புதுப்பிக்கும் பொறுப்பு இப்போது என் தலையில்.