வடிகால் நாட்கள்

நவம்பர் 14

இரவு முழுக்க மழை. அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. விடிவதற்குள், நான் ஆலோசனை சொல்லும் விவசாயி அக்காவிடமிருந்து போன்: "நெல்லின் தோகை மட்டும்தான் அம்மா தெரிகிறது."

நவம்பர் 15

தோகையும் தெரியவில்லை. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாத ஒரே வெள்ளக்காடு. சாலையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனேன். அக்கா கரையில் உட்கார்ந்திருந்தார். கோயில் நிலம், குத்தகை, நடவுக்கு வாங்கிய கடன். வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 நெல் ரகத்தை என் பேச்சை நம்பித்தான் நட்டார்.

மற்ற நெல் மூழ்கினால் மேலே வந்துவிடத் தவித்து நீளும். இருக்கிற சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். இந்த ரகம் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அப்படியே கிடக்கும். இரண்டு வாரம் வரை தாங்கும். பயிற்சி வகுப்புகளில் விவசாயிகளுக்கு நான் ஓயாமல் சொன்ன பாடம். இன்று கரையில் நின்று சொல்லும்போது தொண்டை அடைத்தது.

"கலங்கல் தண்ணீரிலும் தாங்குமா?" என்று கேட்டார். சரியான கேள்வி. கலங்கலில் வெளிச்சம் இறங்காது, பயிர் சீக்கிரம் இளைக்கும். இரண்டு வாரம் என்பது எல்லா வயலுக்கும் ஒரே கணக்கல்ல. மறைக்காமல் அதைத்தான் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

நவம்பர் 16

மழை விட்டது. தண்ணீர் விடவில்லை.

நவம்பர் 17

வடிகாலைப் பார்த்தேன். கால் வைக்க இடமில்லாமல் ஆகாயத்தாமரை, இரு கரையிலும் நெய்வேலிக் காட்டாமணக்கு. முத்துப்பேட்டைப் பக்கம் கடல் ஓதம் ஏறும் நேரத்தில் ஆறும் தண்ணீரை வாங்காது. ஓதம் இறங்கும் சில மணி நேரத்தில்தான் வடியும். அந்த நேரத்தில் வடிகால் அடைத்துக் கிடந்தால் அன்றைய நாள் வீண். போதாக்குறைக்கு, மேலக்கரைக்காரர் தன் வயலைக் காப்பாற்ற ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை வெட்டிவிட்டார். அவர் தண்ணீரும் சேர்ந்து அக்கா வயலில் நிற்கிறது. காலையில் கைகலப்பு வரை போயிருக்கிறது.

விதையை ஒருவர் தனியாக வாங்கலாம், உரத்தைத் தனியாகப் போடலாம். தண்ணீரைத் தனியாக வடிக்க முடியாது. வேளாண் பல்கலைக்கழகம் என் கையில் கொடுத்தனுப்பியது ரகமும் உர அளவும். இரண்டு தெருக்காரர்களை ஒரே வாய்க்காலில் இறக்குவதற்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு கிடையாது. குடிமராமத்து என்று வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வந்த ஊர்தான் இது. இப்போது பொக்லைன் எப்போது வரும் என்று எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றும் தெரியவில்லை.

நவம்பர் 18

காய்ச்சல் கொஞ்சம் தணிந்து, அப்பா பேசினார். தஞ்சாவூரில் 1960இல் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தபிறகு விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் கிராம சேவக்காகச் சைக்கிளில் அலைந்த கதை. ஏடிடி 27 நெல் ரகம் வந்தபோது திருச்சி வானொலியில் அதைப் பற்றிக் கேட்டுவிட்டு விவசாயிகள் "ரேடியோ நெல்" என்று கேட்டு வாங்கினார்களாம். "ரேடியோ பேர் வாங்கியது. வயலில் பூச்சி விழுந்தபோது பதில் சொல்ல நான்தான் போனேன்" என்றார். அதில் ஒரு பெருமை.

வடிகால் சண்டையைச் சொன்னேன். "முதலில் யார் வீட்டுக்குப் போனாய்?"

அக்கா வீட்டுக்கு என்றேன்.

"வரப்பை வெட்டியவன் வீட்டுக்குப் போ. கையில் ஃபைல் எடுத்துப் போகாதே."

சாயங்காலம் போனேன். மேலக்கரைக்காரர் முகம் கொடுக்கவில்லை. அவர் மனைவிதான் காப்பி கொடுத்தார். அவர்கள் வயலும் மூழ்கித்தான் கிடக்கிறது, அதுவும் இந்த ரகம் இல்லை. வெகுநேரம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது, "நான் மட்டும் வாய்க்காலில் இறங்கினால் போதுமா?" என்றார் மேலக்கரைக்காரர்.

நவம்பர் 19

சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் நிவாரணம். அதுவும் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் யார் பெயரோ அவருக்கு. அக்கா நிலத்தின் குத்தகை இன்னும் இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. இதை மட்டும் நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

நவம்பர் 20

இறங்கினார்கள். முதலில் வந்தது பெண்கள், நடவுக்குப் போகிற அதே கூட்டம். மேலக்கரைக்காரர் அரிவாளோடு வந்து, யாரிடமும் பேசாமல் காட்டாமணக்கை வெட்டத் தொடங்கினார். ஆகாயத்தாமரை ஒவ்வொரு கொத்தும் வேரில் சேற்றோடு அவ்வளவு கனம். நாலு பேர் கயிறு போட்டு இழுத்தால்தான் கரை ஏறுகிறது. மதியம் ஓதம் இறங்கத் தொடங்கியதும் மதகடியில் தண்ணீர் சுழித்தது. யாரோ கத்தினார்கள். நானும் கத்தினேன்.

நவம்பர் 21

அரை அடி இறங்கியிருக்கிறது. அப்பாவுக்கு நெஞ்சில் சளி, ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

நவம்பர் 23

வயல் வெளியே வந்துவிட்டது. பார்ப்பதற்குப் பயிர் போலவே இல்லை. இலையெல்லாம் சேறு பூசி மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது, அழுகல் வாடை. அக்கா ஒரு தூரைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். மேல் உறைகளை ஒவ்வொன்றாக உரித்தேன். வழவழவென்று வந்தன. அடியில் குருத்து வெள்ளையாக, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருந்தது. இன்னொன்று, அதுவும் வெள்ளை. வயலின் நாலு மூலையிலும் பிடுங்கிப் பார்த்தோம். வடிகால் ஓரத்துப் பள்ளத்தில் மட்டும் போய்விட்டது, மற்றது உயிரோடு இருக்கிறது.

மேலக்கரை வயலிலும் பிடுங்கினோம். குருத்து பழுப்பாகி, தொட்டதும் கையோடு வந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். சந்தோஷப்படவும் முடியவில்லை எனக்கு.

இந்தத் தாங்கும் குணம் ஒடிசாவின் தளபுத்தியா என்ற நாட்டு ரகத்திலிருந்து வந்தது. அங்கே வெள்ளத்தில் மூழ்கிய வயலில் மிஞ்சியதை விதைக்கு எடுத்து வைத்தவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது. அக்காவிடம் சொன்னேன். "அங்கேயும் பெண்கள்தான் எடுத்து வைத்திருப்பார்கள்" என்றார்.

நவம்பர் 24

வெள்ளம் வடிந்த பயிரைத் தேற்ற ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18, வேப்பம் பிண்ணாக்கு 4. கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து வீச வேண்டும். சுவரில் கரியால் எழுதிக் கொடுத்தேன். கடையில் ஜிப்சம் இல்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. அலுவலகத்திலிருந்து படம் கேட்கிறார்கள், பதாகை தெரிகிற மாதிரி. வாய்க்காலில் பதாகை பிடிக்க யாருக்கும் கை காலியாக இல்லை.

நவம்பர் 25

அப்பா தூங்கிக்கொண்டே இருக்கிறார்.

நவம்பர் 26

வங்கக் கடலில் மறுபடியும் காற்றழுத்தத் தாழ்வு. வடிகாலின் கீழ்ப்பாதி இன்னும் அடைத்துத்தான் கிடக்கிறது. மேலக்கரைக்காரர் காலையில் ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்றிருக்கிறார். மன்னார்குடியில் ஜிப்சம் கிடைக்கிறதாம். குத்தகைப் பெயர் மாற்ற அக்காவோடு கோயில் அலுவலகத்துக்கும் போக வேண்டும். ராத்திரி அப்பாவோடு தங்கத் தம்பி வருவதாகச் சொன்னான், பஸ் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும்.